கபடிப் பசங்க அடிபட்டதை மறைக்கிறாங்க: "ஆம்பள" பேச்சைக் களத்துலயே எப்படிக் குறைக்கிறது?

லத்தேரி பி.டி.

வணக்கம். வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் பக்கம் அரசுப் பள்ளி. 55 கிலோ பிரிவுக்குப் பசங்க டீம் ஒண்ணு, அதே மைதானத்துல பொண்ணுங்க டீம் ஒண்ணு. மண் தரைதான், மேட் கிடையாது. பொங்கல் முடிஞ்சதும் ஊர்ப் போட்டிங்க வரிசையா வரும். அதுக்குள்ள மூணு விஷயத்துக்கு வழி தெரியணும்.

பசங்க அடிபட்டா சொல்றதில்ல. தோள்பட்டை இறங்கினவன்கூட "ஒண்ணுமில்ல சார்"னு திரும்ப நிக்கிறான். எடை பார்க்கிறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே தண்ணி குடிக்கிறதை நிறுத்திடறாங்க. தோத்தவனை "வளையல் போட்டுக்கோ", "பொட்ட மாதிரி ஆடுறான்"னு கத்துறாங்க, பக்கத்துலயே பொண்ணுங்க பயிற்சி எடுக்கிறாங்க. ஊர்ல இருந்து வர்ற சீனியர் பசங்கதான் இதுக்கெல்லாம் எண்ணெய் ஊத்துறாங்க. பெத்தவங்களைக் கேட்டா "ஆம்பளப் புள்ளைன்னா அடி படத்தானே செய்யும் சார்".

அறிவுரை சொல்லிப் பார்த்தாச்சு, பலன் இல்ல. ஆட்டத்துல எந்த இடம் இந்தப் பேச்சை வளர்க்குது, அங்க எதை மாத்தலாம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூணாவது விசில் (கபடி நடுவர்)

சார், விதிப் புத்தகத்துல வீரம்னு ஒரு வரி கிடையாது. பாடிப் போற ரைடர் எதிராளியைத் தொட்டா 1, எதிரணி அவனைப் பிடிச்சா 1. ஆறு பேரோ அதுக்கு மேலயோ எதிர்ல நிக்கும்போது போனஸ் கோட்டைத் தாண்டினா 1. மூணு பேரோ அதுக்குக் கீழோ இருந்து பிடிச்சா சூப்பர் டேக்கிள், 2. ஓடி வந்து மோதி, டேஷ் அடிச்சு வெளிய தள்ளினாலும் 1 தான், சத்தமில்லாம கைகோத்து செயின் போட்டு மடக்கினாலும் 1 தான். ஆனா கைத்தட்டல் பூரா டேஷுக்குத்தான் போகுது. புள்ளி ஒரு கணக்கு, கைத்தட்டல் வேற கணக்கு. பசங்க ரெண்டாவது கணக்கைத்தான் படிக்கிறாங்க.

இதுல ஸ்கோர் ஷீட்டுக்கும் பங்கு உண்டு. பிடி போட்டவன்னு ஒருத்தன் பேரைத்தான் எழுதறோம். ஓரத்துல நிக்கிற கார்னர் ஆள் கணுக்காலைப் பிடிச்சதும், ஓடிவந்து இடுப்பை மடக்குன கவர் ஆட்டக்காரன் (உள்பக்கம் துணைக்கு நிக்கிறவன்) பேரு எங்கயும் வராது. அவன் வரலன்னா அந்தப் பிடியே நிக்காது. தனியா நின்னு மடக்குனவன்தான் சிங்கம்ங்கிற நெனப்பு பாதி இங்கருந்து வருது. அதனால பயிற்சி ஆட்டத்துக்குன்னு ஒரு நோட்டு போடுங்க. முதல் கை வெச்சவனுக்கு ஒரு புள்ளி, ஒரு நொடிக்குள்ள ரெண்டாவதா வந்து சேர்ந்தவனுக்கும் ஒரு புள்ளி. தனியாப் பாய்ஞ்சு பிடியைத் தவற விட்டவனுக்கு ஒண்ணு கழிங்க. வாரக் கடைசியில நோட்டைச் சுவத்துல ஒட்டுங்க. யாருக்கு மதிப்புங்கிற வரிசை தானா மாறும்.

அடி குறையறதுக்கும் இதுதான் வழி. கார்னர் ஆள் துணை இல்லாம கணுக்காலுக்குத் தலையைக் குனிஞ்சு பாயறான், ரைடர் முட்டி நேரா அவன் நெத்தியில இறங்குது. தலை ரைடரோட காலுக்கு வெளிப்பக்கம் இருக்கணும், கன்னம் அவன் தொடையை ஒட்டணும், கண்ணு தரையைப் பார்க்கக் கூடாது. ஓடாம, நடந்துகிட்டே இதைப் பழக்குங்க. அது சரியாகிற வரைக்கும் வேகம் வேணாம்.

அப்புறம் ஆள் கணக்கு. ஒரு அணிக்கு 12 பேர், களத்துல 7 பேர். நிறைய ஊர் டீம் 8 பேரை வேன்ல ஏத்திக்கினு வந்து நிக்குது. ஒருத்தன் தோள் போச்சுன்னா மாத்து ஆள் ஒருத்தன், ரெண்டாவது ஆளுக்கு அடிபட்டா மாத்த யாருமே இல்ல. அந்த நேரத்துல அவன் வலியை மறைக்காம என்ன பண்ணுவான்? பெஞ்சுல நாலு பேராவது இல்லாம டீமைக் கூட்டிக்கிட்டுப் போகாதீங்க.

தரை: மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, மணலும் மரத்தூளும் கலந்து, முந்தின நாள் சாயங்காலமே தண்ணி தெளிச்சு விடுங்க. காலையில தெளிச்சா மேலாக மட்டும் வழுக்கும், அடியில கெட்டியாவே இருக்கும், கணுக்கால் மடங்கும்.

தசைநார் (விளையாட்டு மருத்துவம்)

நடுவர் சொன்ன மாற்று ஆள் விஷயத்தை அடிக்கோடிடுகிறேன். மறைப்பதற்கு வீம்பு ஒரு காரணம்தான். "இன்று வெளியே போனால் நாளை என் இடம் இன்னொருவனுக்கு" என்ற பயம் அதைவிடப் பெரியது. அதை உடைக்க ஒரே ஒரு விதியை எழுதி அறிவித்தால் போதும்: தானே வந்து அடியைச் சொன்னவனுக்கு, குணமானதும் அதே இடம். மறைத்து ஆடிப் பிறகு தெரியவந்தால் அடுத்த போட்டியில் பெஞ்சு. முதல் முறை உங்கள் நட்சத்திர ரைடர் மாட்டினாலும் விதி நிற்க வேண்டும். அங்கே தளர்த்தினால் பிறகு யாரும் நம்ப மாட்டார்கள்.

தலையில் அடி. தடுமாற்றம், வாந்தி, கேட்டதையே திரும்பக் கேட்பது, வெறித்த பார்வை, தலைவலி, ஸ்கோர் மறந்துபோவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பத்து நிமிடத்தில் "தெளிஞ்சிட்டேன்" என்றாலும் திரும்ப இறக்கக் கூடாது. வலிப்பு, மயக்கம், தொடர் வாந்தி, கை கால் மரத்துப் போதல் என்றால் கழுத்தை அசைக்காமல் படுக்க வைத்து 108. மற்றவர்களுக்கு ஒன்றிரண்டு நாள் ஓய்வு. பிறகு நடை, மெல்லோட்டம், தனியாகக் கால் பயிற்சி, ஆள் தொடாத டிரில், மருத்துவர் அனுமதிக்குப் பின் பிடி, கடைசியாகப் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். தலைவலி கூடினால் ஒரு படி கீழே. சிறுவர்கள் பெரியவர்களைவிட மெதுவாகத்தான் தேறுவார்கள். நான்கு வாரம் வரை ஆகலாம்.

தோள் இறங்கினால் களத்திலேயே இழுத்துப் போடும் ஆட்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தொட விடாதீர்கள். நரம்பு மாட்டும், எலும்பு உடைந்திருப்பதும் தெரியாது. துண்டைத் தொட்டிலாகக் கட்டி, கையை உடம்போடு சேர்த்து, மருத்துவமனை. புத்தூர் கட்டுதான் போடுவோம் என்று வீட்டில் நின்றால், அதற்கு முன் ஒரு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். இந்த வயதில் எலும்பின் நுனியில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. அங்கே விழுந்த விரிசல் வெளியே வெறும் வீக்கமாகத்தான் தெரியும்.

இனி எடை. தண்ணீரை நிறுத்திக் குறைக்கும் எடை கொழுப்பு அல்ல, உடம்பின் நீர். 55 கிலோ பையனுக்கு 2 சதவீதம் என்பது 1.1 கிலோ. அந்த அளவு நீர் போனாலே ஓட்டமும் கவனமும் மந்தமாகும், இதயத் துடிப்பு ஏறும். வேலூர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டு ஓட வைத்தால் அடுத்த கட்டம் வெப்பத் தாக்கு. 1997 இறுதியில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இப்படி எடை குறைக்கும்போதே இறந்தார்கள். அதன் பிறகுதான் அங்கே ரப்பர் உடையும் வெந்நீராவி அறையும் தடை செய்யப்பட்டன. அங்குள்ள பள்ளி மல்யுத்தத்தில் வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது என்று வரம்பு உண்டு. உங்கள் பையனுக்கு அது சுமார் 800 கிராம். 2024 பாரீஸில் வினேஷ் போகாட் 50 கிலோ பிரிவில் 100 கிராம் கூடியதற்காகத் தகுதி இழந்ததைப் பசங்களிடம் சொல்லுங்கள். இரவெல்லாம் எடை குறைக்க மருத்துவர்கள் கூட இருந்தும் அந்த 100 கிராம் போகவில்லை.

செய்ய வேண்டியது:

வாரம் ஒரு நாள், அதே கிழமை, காலையில், சிறுநீர் கழித்த பின், அதே கால்சட்டையோடு எடை எடுத்துக் குறியுங்கள். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது 57 கிலோவைத் தாண்டியவன் 60 கிலோ பிரிவுக்கு. பேச்சுக்கே இடமில்லை. பதினைந்து, பதினாறு வயதில் உயரமும் எலும்பும் தசையும் சேர்ந்து வருடத்துக்குச் சில கிலோ கூடுவது இயல்பு. போன வருடம் 55இல் ஆடினான் என்பதற்காக இந்த வருடமும் 55 என்றால் அவன் தன் வளர்ச்சியோடு சண்டை போடுகிறான்.

சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் அன்று பயிற்சி இல்லை, தண்ணீர். எடை பார்த்த பின் ஒரே மூச்சில் குளிர்பானம் ஊற்றிக்கொள்வதும் தவறு, வயிறு பிடிக்கும். ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டர் தண்ணீரில். பாதி தண்ணீரில் கெட்டியாகக் கரைக்கக் கூடாது.

வெயிலில் ஆடும்போது பேச்சு குழறி, கோபப்பட்டு, தள்ளாடினால் முதலில் குளிர்விப்பு, பிறகுதான் வண்டி. நிழலுக்கு இழுத்து, சட்டையைக் கழற்றி, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். 108 வரும் வரை நிறுத்த வேண்டாம். மயக்கத்தில் இருப்பவனுக்கு வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

பூட்ஸ் நாடா

சார், பெத்தவங்களுக்கு ஒரே வரி போதும். நம்ம பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊர்ல இருந்து பையனுங்க ஆர்மிக்குத்தான் பார்க்கிறாங்க. 1.6 கிலோமீட்டரை 5 நிமிஷம் 30 நொடிக்குள்ள ஓடி, பீம்ல 10 புல்-அப் எடுத்து முழு மார்க் வாங்கி, 9 அடிப் பள்ளத்தைத் தாண்டி எல்லாம் பாஸான பிறகு மெடிக்கல் இருக்கு. அடிக்கடி இறங்குற தோள், கிழிஞ்ச முட்டி ஜவ்வு, அங்க அன்ஃபிட். 15 வயசுல மறைச்ச அடி 18 வயசுல வேலையைப் பறிக்கும். மானத்தைப் பத்திப் பேசுறதைவிட இது வீட்டுல ஏறும்.

சத்துவாச்சாரி பிளேட்

எங்க விளையாட்டுல இருந்து ஒண்ணு எடுத்துக்கலாம். பளு தூக்குறதுல புதுப் பையனுக்கு முதல்ல சொல்லித் தர்றது பாரை எப்படி விடறதுங்கிறது. ஸ்னாட்ச்ல (தரையிலருந்து ஒரே இழுப்புல தலைக்கு மேல தூக்குறது) பார் முன்னாடி போனா கையை நீட்டி முன்னால தள்ளிட்டுப் பின்னாடி நகரணும், பின்னாடி போனா பாரை விட்டுட்டு முன்னால குதிக்கணும். இதை வெறும் 20 கிலோ பார்லயே பல தடவை பழகின பிறகுதான் பிளேட் ஏறும். விடத் தெரியாதவன்தான் முழங்கை, மணிக்கட்டு போய் உட்கார்றான். போட்டியிலயும் ஸ்னாட்ச்ல மூணு, கிளீன் அண்ட் ஜெர்க்ல (முதல்ல தோளுக்கு, அப்புறம் தலைக்கு மேல) மூணு வாய்ப்பு, தவறவிட்டது எல்லார் கண்ணு முன்னாடியும் ஷீட்டுல ஏறும். உலகச் சாம்பியனுக்கும் ஏறும். அதனால "தோத்தான்"ங்கிறது எங்க கூடத்துல வசவு ஆகுறதில்ல.

கபடிக்கும் இதைக் கொண்டு வரலாம். ரைடு போய் ஒண்ணும் எடுக்காம பாதுகாப்பா திரும்புறதை ஒரு திறமையா எண்ணுங்க. முன்னிலையில இருக்கும்போது வெறும் ரைடு 30 நொடியைத் தின்னும், அது ஆட்ட அறிவு. "பயந்து வந்துட்டான்"னு கத்துறவனுக்குக் கணக்கு தெரியலன்னு அர்த்தம்.

இன்னொண்ணு. சத்துவாச்சாரின்னா சதீஷ் சிவலிங்கம் பேரு எல்லாருக்கும் தெரியும்: 2014 கிளாஸ்கோ காமன்வெல்த், 77 கிலோ பிரிவு, 149-ம் 179-ம் சேர்த்து 328 கிலோ, தங்கம். 2018 கோல்டு கோஸ்ட்ல மறுபடியும் தங்கம், 317. சுவத்துல அவர் படம் ஒட்டுறது சரிதான். கூடவே இன்னும் ரெண்டு படம் ஒட்டுங்க. பளு தூக்குறதுல இந்தியாவுக்கு இதுவரை வந்த ஒலிம்பிக் பதக்கம் ரெண்டே ரெண்டு. 2000 சிட்னியில கர்ணம் மல்லேஸ்வரி, 240 கிலோ தூக்கி வெண்கலம். டோக்கியோவுல மீராபாய் சானு, 49 கிலோ பிரிவுல 202 கிலோ தூக்கி வெள்ளி. "பொட்ட மாதிரி"ன்னு கத்துற பையனை 15 கிலோ பெண்கள் பார்ல ரெண்டு பக்கமும் பச்சை 10 கிலோ பிளேட் மாட்டி, 35-ஐ ஸ்னாட்ச் எடுக்கச் சொல்லுங்க. முறை தெரியாம எடுக்க முடியாது.

ஜிம்முக்குப் போற சீனியர் பசங்க கிட்ட இருந்து ஊசி வராமப் பார்த்துக்கோங்க. வெளியிலருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தா மூளை உள்ளே சுரக்கச் சொல்ற கட்டளையை நிறுத்திடும். விதை சுருங்கும், விந்தணு குறையும், மார்பு பெண்ணுக்கு மாதிரி வீங்கலாம், நிறுத்தின பிறகு பழைய நிலைக்கு வர மாசக்கணக்கு ஆகும், சிலருக்கு வருஷம் தாண்டும். ஆம்பளையாத் தெரியணும்னு போடுற ஊசி செய்யற வேலை இது. பதினாறு வயசுல போட்டா எலும்பு நுனி சீக்கிரம் மூடி உயரமும் நிக்கும். பளு தூக்கினா உயரம் நிக்கும்ங்கிறதுதான் கதை. முறையாத் தூக்கினா அப்படி எதுவும் ஆகறதில்ல.

அணைக்கட்டு காளை

எல்லாத்தையும் குறை சொல்லியே பேசுறீங்க. வீரம் நம்ம பாரம்பரியம். எருது விடும் விழாவையும் அடுத்து நிறுத்தச் சொல்லுவீங்க போல.

நடுகல்

அணைக்கட்டு அண்ணா, யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. 2017 தமிழ்நாடு திருத்தச் சட்டத்தில் ஜல்லிக்கட்டு, மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருதுவிடும் விழாவும் பேர் சொல்லியே இருக்கிறது. 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வும் அதை ஏற்றுக்கொண்டது. ஆனால் நீங்கள் எடுத்த உதாரணமே லத்தேரி சாருக்கு உதவும்.

நம் பக்கத்து எருது விடும் விழா மதுரைப் பக்கத்து ஏறு தழுவல் இல்லை. இங்கே யாரும் திமிலைப் பிடிப்பதில்லை. வாடியிலிருந்து அவிழ்த்துவிட்ட எருது வீதியில் குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் போட்டி. பரிசு எருதுக்கு, பேர் வளர்த்தவருக்கு. மனிதனின் வீரத்துக்கு அங்கே மதிப்பெண்ணே கிடையாது. அப்படியிருந்தும் அடிபடுகிறவர்கள் யார்? தடுப்புக்கு உள்ளே இறங்கி நின்று, ஓடுகிற மாட்டின் முதுகில் தட்டுகிற இளைஞர்கள். இன்னொரு ஆபத்தான இடம், ஓட்டம் முடிந்து மாட்டைப் பிடிக்கும் எல்லை. மாடு மிரண்டிருக்கும், கூட்டம் அங்கேதான் நெருக்கியடிக்கும். தட்டியவனுக்கு எந்தக் குறிப்பேட்டிலும் புள்ளி இல்லை, பார்க்கிற கண்கள்தான் அவன் பரிசு. தட்டுவதால் மாடு விலகி ஓடி நொடியை இழக்கும் என்பது வளர்த்தவருக்குத் தெரியும், அவருக்குத்தான் முதல் கோபம் வரும். கபடி மைதானத்து ஓரத்தில் நின்று கத்தும் சீனியரும் இதே வகைதான்: போட்டிக்கு வெளியே நடக்கும் போட்டி.

பாரம்பரியம் என்றால் செங்கம் வட்டார நடுகற்களையும் பார்க்க வேண்டும். பல்லவர் காலத்துக் கற்கள், பழைய வட ஆற்காட்டின் சொத்து. பெரும்பாலும் ஆநிரை கவர்ந்தோ மீட்டோ இறந்தவர்களுக்கு எடுத்தவை. ஊரின் மாடுகளைக் காப்பாற்றப் போனவனுக்குக் கல் வைத்தார்கள். எடுத்தனூர்க் கல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாய் கோவிவனும் நிற்கிறது, கள்வரைக் கடித்துக் காத்து நின்ற நாய். காவல் காத்த நாய்க்கும் கல்லில் இடம் கொடுத்த ஊர்கள் இவை. சும்மா குறுக்கே இறங்கியவனுக்கு யாரும் கல் நட்டதாகத் தெரியவில்லை.

லத்தேரி பி.டி.

எல்லாருக்கும் நன்றி. நோட்டும் இடம் திரும்பத் தர்ற விதியும் திங்கள்கிழமையே ஆரம்பிச்சிடறேன். அந்த வசவு மட்டும் பாக்கி. பசங்களையும் பொண்ணுங்களையும் ஒரு ஆட்டம் மோத விட்டு, தோக்கட்டும்னு விட்டுடலாமான்னு ஒரு யோசனை. சீனியருங்களை என்ன பண்றது? போட்டி நடத்துற கமிட்டியில எடை பார்க்கிற தராசும் ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு மாதிரி காட்டுது.

இடது கார்னர் (பெண்கள் அணிப் பயிற்சியாளர்)

சார், அந்த மோதல் யோசனை வேண்டவே வேண்டாம். "பொண்ணுங்ககிட்டத் தோக்கிறது" ஒரு தண்டனைன்னு நீங்களே அறிவிச்ச மாதிரி ஆகும். ஜெயிச்சா பசங்க வாய் நீளும், தோத்தா பொண்ணுங்க மேல வஞ்சம் வரும். இந்த வயசுல எடை வித்தியாசமும் உண்டு, ரெண்டு பக்கமும் கூச்சத்துல பிடியை அரைகுறையா போடுவாங்க, அப்பதான் விரலும் முட்டியும் போகும்.

அதுக்குப் பதிலா அதிகாரத்தை மாத்துங்க. பசங்க ஆட்டத்துக்கு நடுவரும் 30 நொடி ரைடு கடிகாரமும் பொண்ணுங்க கையில. பொண்ணுங்க ஆட்டத்துக்கு ஸ்கோர் எழுதறது பசங்க. கூர்ந்து பார்க்காம ஸ்கோர் எழுத முடியாது. ஒரு முழு ஆட்டத்தை எழுதி முடிச்சவனுக்கு யார் கணுக்கால் பிடி சுத்தமா விழுதுன்னு தெரிஞ்சிரும். மைதானத்துல ஆண்கள் அளவு 13க்கு 10 மீட்டர் போட்டிருப்பீங்க. உள்ளேயே 12க்கு 8 பெண்கள் அளவை வேற நிறப் பொடியில போடுங்க. பாக் கோடு (ரைடர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) நடுக்கோட்டுலருந்து ஆண்களுக்கு 3.75, பெண்களுக்கு 3 மீட்டர். பழைய கோட்டுலயே பொண்ணுங்களை ஆட விட்டா போட்டியில தூரம் தப்பும், அப்புறம் அதையும் "பொண்ணுங்கன்னா இப்படித்தான்"னு சொல்லுவாங்க.

வசவுக்கு அட்டை. பச்சை எச்சரிக்கை, மஞ்சள் 2 நிமிஷம் வெளியே, சிவப்பு ஆட்டத்தை விட்டே வெளியே. நிஜப் போட்டியில இருக்கிறதுதான், பயிற்சியிலயும் போடுங்க. எந்தச் சொல்லுக்கு அட்டைன்னு முன்னாடியே எழுதி ஒட்டுங்க, "பொட்ட", "வளையல்" ரெண்டும் பட்டியல்ல முதல்ல. மஞ்சள் வாங்கினா டீம் 6 பேரோட ஆடணும். நீங்க திட்டுறதை விட, கூட ஆடுறவன் "வாயை மூடுறா, ஆள் குறையுது"ன்னு சொல்றது வேலை செய்யும். ஒரே ஒரு எச்சரிக்கை: நீங்களே கோபத்துல அந்தச் சொல்லைச் சொன்னா உங்களுக்கும் அட்டை உண்டுன்னு எழுதுங்க.

சீனியருங்களைத் துரத்தாதீங்க, வேலை குடுங்க. கோட்டு நடுவரா கொடியோட ஒவ்வொரு லாபி (களத்தோட பக்கவாட்டுப் பட்டை) ஓரத்துலயும் ஒருத்தர். கால் வெளியே போச்சான்னு பார்க்கிறவனால கத்த முடியாது. வேலை வேணாம்னு சொல்றவங்க கயித்துக்கு அந்தப் பக்கம், கோட்டுலருந்து 4 மீட்டர் தள்ளி.

மூணாவது விசில்

தராசுக்கு: பளு தூக்குற கூடத்துல இருந்து 20 கிலோ நீலப் பிளேட் ரெண்டு, 15 கிலோ மஞ்சள் ஒண்ணு கேட்டு வாங்கி வெச்சுப் பாருங்க, 55 காட்டணும். பிளேட்டைக் கமிட்டிக்கும் எடுத்துக்கிட்டுப் போங்க, எல்லா டீம் எதிர்லயும் வெச்சுக் காட்டுங்க. தராசு சிமெண்ட் தரையில இருக்கணும், பாய், மண் மேல வெச்சா ஏமாத்தும். எடையை முந்தின நாள் சாயங்காலம் பார்க்காம, ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னாடி பார்க்கணும்னு எழுத்துல கேளுங்க. தண்ணி நிறுத்தி வந்தவனுக்குத் தேற நேரம் இல்லன்னு தெரிஞ்சா அடுத்த தடவை நிறுத்த மாட்டான். ஒத்துக்காத கமிட்டிக்கு டீமை அனுப்பாதீங்க.